கிடைத்த இடமும் கிடைத்த மதிப்பெண்ணும்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு



பண்டிதர் நினைவாக ஒரு சொற்பொழிவு நிகழ்த்த வேண்டும் என்று மன்றம் கேட்டபோது நாங்கள் தயங்கினோம். நாங்கள் எழுத்தாளர்கள் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறையில் வெவ்வேறு ஆண்டுகளில் முதுகலை படித்த ஐந்து பேர். ஒருவர் இன்று கௌரவ விரிவுரையாளர். ஒருவர் அகழாய்வுகளில் ஒப்பந்தப் பணியாளர். ஒருவர் பள்ளியில் வரலாறு நடத்துகிறார். ஒருவர் இன்னும் ஆய்வு மாணவர். ஐந்தாவது தோழியைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம். ஐவரும் உட்கார்ந்து எழுதியதை எங்களில் ஒருவர் வாசிக்கிறார்.

பண்டிதரின் இயற்பெயர் காத்தவராயன் என்பது உங்களுக்குத் தெரியும். தமக்குக் கல்வி கொடுத்த ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியபோதும், பூர்வ பௌத்தத்தை எழுதியபோதும், அந்த ஆசிரியரின் பெயர் அவரோடு இருந்தது. ஒரு மாணவன் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரியது இருக்க முடியாது.

நாங்கள் இன்று எங்கள் ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. பயத்தால் அல்ல. பெயரைச் சொன்னால் பேச்சு அவரைப் பற்றியதாகிவிடும். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் மதிப்பெண் போட்ட முறை ஓய்வு பெறவில்லை.

முதலில் அவருக்கு நாங்கள் பட்ட கடனைச் சொல்லிவிடுகிறோம். மண்ணைப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டிய குழிக்குள் எங்களை இறக்கி, சுவரில் தண்ணீர் தெளித்து, நிறம் மாறும் இடத்தில் கரணையின் நுனியால் கோடு போடச் சொல்வார். மேலடுக்கு பிந்தியது, கீழடுக்கு முந்தியது. இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் அதற்கு மேல் ஒன்று சொல்வார்: “பின்னால் வந்தவன் குழி தோண்டிக் குப்பை கொட்டியிருப்பான். அந்தக் குழியைப் பார்க்காமல் விட்டால் நேற்றுப் போட்ட பொருளை ஆயிரம் வருஷம் பழசு என்று எழுதிவிடுவாய். அடுக்கைப் பார்க்கும் முன்னால் அடுக்கை வெட்டியது யார் என்று பார்.” 1863இல் பல்லாவரத்தில் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கையில் எடுத்த கதையை அவர் சொன்னால் வகுப்பே மூச்சுவிடாமல் கேட்கும். 1945இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் குழிகளைக் கட்டம் கட்டித் தோண்டிய முறையை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினார். களத்தில் எங்களோடு அதே கொட்டகையில் படுத்தார். அதே சாம்பார் சோற்றைச் சாப்பிட்டார். காலை 6 மணிக்குக் குழியருகே முதலில் நிற்பவர் அவராகத்தான் இருப்பார். இவ்வளவும் உண்மை. இனிச் சொல்லப் போவதும் உண்மை.

தொல்லியலில் ஒரு பொருளின் மதிப்பு அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. எந்தக் குழி, எந்த அடுக்கு, எவ்வளவு ஆழம் என்ற குறிப்பு இல்லாவிட்டால் அழகான கறுப்பு சிவப்புப் பானைகூட வெறும் பானைதான். அதனால்தான் ஓட்டைக் கழுவியதும் அதன்மேல் எண் எழுதுகிறோம். முதல் வருடம் முதல் வகுப்பில் அவர் எங்களுக்கும் எண் எழுதினார். ஒவ்வொருவராக எழுப்பி ஊர் கேட்டார். ஊரைச் சொன்னதும் அடுத்த கேள்வி: “ஊருக்குள்ளேயா, தள்ளியா?” எங்கள் ஒவ்வொருவரின் முறை வந்தபோதும் அந்தக் கேள்வி வந்தது. வேறு சிலருக்கு வரவில்லை. அவர்களின் தந்தை பெயரோ தோட்டத்தின் பெயரோ அவருக்குப் போதுமானதாக இருந்தது. குரலில் கேலி இல்லை. கள ஆய்வுக்கு வந்தவர் கேட்பதுபோலத்தான் கேட்டார். நாங்கள் “தள்ளி சார்” என்றோம். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். எங்கள் கிடைத்த இடம் பதிவாகிவிட்டது.

இப்போது மதிப்பெண்ணுக்கு வருகிறோம். எங்கள் படிப்பில் ஒவ்வொரு தாளுக்கும் 100 மதிப்பெண். 75 பருவத் தேர்வுக்கு, 25 அகமதிப்பீட்டுக்கு. பருவத் தேர்வு விடைத்தாளில் பெயர் இருக்காது. தேர்வு எண்ணையும் கிழித்துவிட்டு டம்மி நம்பர் போட்டுத்தான் திருத்தக் கொடுப்பார்கள். அகமதிப்பீடு அப்படியல்ல. சிறுதேர்வு, கட்டுரை, செமினார், வருகைப்பதிவு எல்லாம் பெயரோடு, முகத்தோடு, ஊரோடு போடப்படுபவை. எங்கள் தோழிக்குக் கல்வெட்டியல் தாளில் பருவத் தேர்வில் 75க்கு 58. அதே தாளில் அகமதிப்பீடு 25க்கு 12. பெயர் தெரியாதபோது முதல் வகுப்பு, பெயர் தெரிந்தபோது பாதிகூட இல்லை. ஒரு தாளில் நடந்தால் அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று விட்டுவிடலாம். எங்கள் மதிப்பெண் பட்டியல்களை விடுதி அறையில் விரித்து வைத்துப் பார்த்தோம். வருடம் வேறு, ஆள் வேறு, வரிசை ஒன்றாக இருந்தது.

அந்தத் தோழியின் கட்டுரைக் கதையைச் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை வகுப்பில் முறைவைத்து வாசிப்போம். கோயிலுக்கு வருவாய் தர வேண்டிய ஊர்களை முதலாம் இராசராசன் பட்டியலிடும் பகுதி அது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லிவிட்டு, வரி விதிக்காமல் கழிக்க வேண்டிய நிலங்களை வரிசையாகச் சொல்லும்: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், வாய்க்கால்கள், சுடுகாடு. அந்த வரிசையில் பறைச்சேரியும் வரும். சில ஊர்களில் தீண்டாச்சேரி என்றும் வரும். நம் சேரிக்கு ஆயிரம் ஆண்டு வயது என்பதற்குக் கல்லில் வெட்டிய சாட்சி அது. நிலம் அளந்த அதிகாரியின் கணக்கில் ஒரு கழித்தல் குறியாக நாம் நிற்கிறோம். தோழி அந்தச் சொல்லை வாசித்து நிறுத்தினாள். ஆசிரியர் சொன்னார்: “அது வரிக்கணக்கும்மா. மேலே போ.”

அவள் மேலே போகவில்லை. அந்தப் பருவத்தின் கட்டுரைக்கு அதையே தலைப்பாக எடுத்தாள். எந்தெந்த ஊர்களில் சேரி தனியாகச் சொல்லப்படுகிறது, சேரிக்கென்று சுடுகாடு தனியாகக் குறிக்கப்படுகிறதா என்று தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியிலிருந்து ஊர் ஊராகப் பட்டியல் போட்டாள். கடைசியில் ஒரு கேள்வி எழுதினாள்: நத்தம் மேட்டைத் தோண்டுகிறோம், கோயிலைத் தோண்டுகிறோம், ஈமக்காட்டைத் தோண்டுகிறோம், சேரியை ஏன் தோண்டுவதில்லை? 1948இல் தீண்டப்படாதவர்கள் யார் என்று கேட்டுப் புத்தகம் எழுதிய அண்ணல், அவர்கள் ஏன் ஊருக்கு வெளியே வாழ்கிறார்கள் என்பதை ஒரு தனிக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கு மண்ணில் விடை தேடலாமே என்பதுதான் அவள் கேட்டது. கட்டுரைக்கு 5க்கு 1 போட்டு, சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: “துறைக்குத் தொடர்பில்லாதது.”

தோழர்களே, அந்த ஒற்றை மதிப்பெண்ணில் ஒரு மாணவியின் இழப்பு மட்டும் இல்லை. ஒரு துறை எதைக் கேள்வியாக ஏற்கும், எதை ஏற்காது என்பதும் அதில் இருக்கிறது. பண்டிதர் சொற்களையும் சடங்குகளையும் பண்டிகைகளையும் கிளறி மறைந்துபோன பௌத்தத்தைத் தேடினார். அவருடைய முடிவுகளில் சிலவற்றோடு நாங்கள் உடன்பட மாட்டோம். ஆனால் மேலே போர்த்தியிருப்பதை நம்பாமல் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்த கண் அவருடையது. சேலத்தில் தலைவெட்டி முனியப்பன் என்று வணங்கப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. தொல்லியல் துறை ஆராய்ந்து கொடுத்த அறிக்கை அதற்கு அடிப்படை. பண்டிதரின் கேள்வி துறைக்குத் தொடர்பில்லாதது என்று யாராவது இன்று சொல்ல முடியுமா?

அடுத்தது களப்பயிற்சி. எங்களுக்குப் பெரும் பாடம் அங்கேதான் கிடைத்தது. ஒரு மாதம் களத்தில் இருக்க வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண், தனி வாய்மொழித் தேர்வு. முதல் நாள் காலையில் வேலையைப் பிரித்தார். சிலருக்கு அளவைக் கருவி, சிலருக்குப் புகைப்படம், சிலருக்கு வரைபடம். எங்களுக்குச் சல்லடையும் ஓடு கழுவுவதும். “உங்களுக்கு வெயில் பழக்கம்தானே தம்பி” என்றார். அன்போடுதான் சொன்னார் என்று அப்போது நினைத்தோம். வேலையில் குறை வைக்கவில்லை. மண்ணைச் சலித்து மணிகள் எடுத்தோம். சாக்குச் சாக்காக ஓடுகளைக் கழுவி, காயவைத்து, கறுப்பு சிவப்பு தனி, சிவப்பு தனி, கீறல் குறியீடு உள்ளவை தனி என்று பிரித்தோம். மாதம் முடிந்தது. வாய்மொழித் தேர்வில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: “நீ வரைந்த குழிச் சுவர் படம் எங்கே?”

எங்களிடம் படம் இல்லை. எங்கள் கையில் வரைபலகை வரவே இல்லை. படம் இல்லாததற்கு மதிப்பெண் குறைந்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது? வரைந்தவனுக்கு மதிப்பெண், வரையாதவனுக்கு இல்லை. யார் வந்து விசாரித்தாலும் கணக்கு சரியாக இருக்கும். அநீதி தேர்வு நாளில் நடக்கவில்லை. அது முதல் நாள் காலையில், வேலையைப் பிரித்தபோதே முடிந்துவிட்டது. அவர் கற்றுக்கொடுத்தது எங்களுக்கு நினைவுக்கு வந்தது: அடுக்கைப் பார்க்கும் முன்னால் அடுக்கை வெட்டியது யார் என்று பார்.

அதே களத்தில் பக்கத்துச் சேரியிலிருந்து கூலிக்கு வந்த ஒரு அக்கா இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. கரணையால் சுரண்டும்போது எழும் சத்தத்தை வைத்தே “இங்கே மண்ணு மாறுது சார்” என்பார். தரை மட்டம் வருகிறதா, பழைய குழி வருகிறதா என்று சந்தேகம் வந்தால் எங்கள் ஆசிரியரே “அந்த அம்மாவைக் கூப்பிடுங்கள்” என்பார். அந்தத் திறமையை அவர் மதித்தார். ஆனால் அறிக்கையில் புகைப்படம் எடுத்தவருக்கும் வரைந்தவருக்கும் பெயர் போட்டு நன்றி உண்டு. அக்காவும் அவரோடு கூடை சுமந்தவர்களும் ‘உள்ளூர்த் தொழிலாளர்கள்’ என்ற இரண்டே சொற்களில் அடங்கிவிட்டார்கள். எங்கள் மதிப்பெண்ணும் அக்காவின் பெயரும் ஒரே இடத்தில்தான் தொலைந்தன. கையால் செய்தது அறிவு ஆகாது, காகிதத்தில் ஏறியதே அறிவு. காகிதத்தை யார் கையில் கொடுப்பது என்பதை வேறொருவர் முடிவு செய்வார்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. துறைத் தலைவரிடம் போனோம். “இன்டர்னல் மார்க் ஆசிரியரின் உரிமை, அதற்கு மறுமதிப்பீடு கிடையாது” என்றார். ஒரு மூத்த தோழர் வழி சொன்னார். திருத்திய விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தேர்வு எழுதியவருக்கு உண்டு என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போட்டோம். சிறுதேர்வுத் தாள்கள் வந்தன. அவற்றில் மதிப்பெண் ஓரளவு நியாயமாகவே இருந்தது. செமினாருக்கும் கட்டுரைக்கும் எதற்காக இவ்வளவு என்று கேட்டிருந்தோம். வந்த பதில்: “அவ்வாறான பதிவேடு எதுவும் பராமரிக்கப்படவில்லை.” எண் மட்டும் இருந்தது, காரணம் இல்லை. குழி எண், அடுக்கு எண் இல்லாத ஓட்டை எடுத்துக் குப்பையில் போடச் சொன்ன துறையில் எங்கள் மதிப்பெண்ணுக்குக் குறிப்பேடு இல்லை.

இது எங்கள் துறையின் தனிக்கதை இல்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த சுகதேவ் தோரட் குழு 2007இல் அறிக்கை கொடுத்தது. செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தங்களுக்கு நியாயம் கிடைப்பதில்லை என்று மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். எழுத்துத் தேர்வில் பெயரை மறைக்கலாம். நேரில் உட்கார்ந்திருக்கும் முகத்தை எப்படி மறைப்பது? 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிமுறைகள் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. எங்கள் வளாகத்தில் அந்த அலுவலர் யார் என்று கேட்டுப் பார்த்தோம். காட்ட ஆளில்லை. 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவை இழந்தபோது நாடு முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நாங்களும் பதாகை பிடித்தோம். மறுநாள் வகுப்புக்குத் திரும்பியபோது செமினார் மதிப்பெண் அதே சிவப்பு மையில்தான் விழுந்தது. பதாகை பிடிப்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பதிவேடு கேட்பது தெரிந்திருக்கவில்லை.

ஐந்தாவது தோழியைப் பற்றிச் சொல்கிறோம் என்றோம். கல்வெட்டுக் கட்டுரை எழுதியவள் அவள்தான். எங்களில் கல்வெட்டு வாசிப்பில் சிறந்தவள். மைப்படி எடுக்கும்போது எழுத்து சிதைந்திருந்தால் விரலால் தடவியே சொல்வாள். ஆய்வுக்குச் சேர வழிகாட்டி வேண்டும். வழிகாட்டியாக இருக்கக்கூடியவர் அவர். அவள் கேட்கவே இல்லை. இன்று தன் ஊருக்குப் பக்கத்தில் கணினி மையம் வைத்திருக்கிறாள். பஞ்சமி நிலம் மீட்கப் போராடும் மக்கள் பழைய பதிவேடுகளின் நகல்களோடு அவளிடம் வருகிறார்கள். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை அடுத்து 1892இல் தொடங்கி நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்கள் அவை. மங்கிய கையெழுத்தையும் பழைய நில அளவுகளையும் வாசித்து, எந்தச் சர்வே எண் யாருக்கு ஒதுக்கப்பட்டது என்று சொல்கிறாள். அவள் வாசிப்பை நம்பி மனுக்கள் போகின்றன. இதைக் கேட்டு நீங்கள் கை தட்டுவீர்கள். தட்டுங்கள். ஆனால் தோழி எங்களிடம் சொல்லி அனுப்பியதையும் கேளுங்கள்: “நான் இங்கே நல்லா இருக்கேன்னு சொல்லி அங்கே நடந்ததை மூடிடாதீங்க.”

கடைசியாக எங்களைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் கௌரவ விரிவுரையாளராக இருப்பவர் முதல் பருவத்தில் செமினார் மதிப்பெண் போட்டார். போட்ட பிறகு பட்டியலைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசியவர்களுக்கு 5க்கு 4, தமிழில் திக்கித் திக்கிப் பேசிய ஒரு தம்பிக்கு 2. அந்தத் தம்பி தன் ஊர் ஈமக்காட்டில் இருந்த கல்வட்டங்களைக் காலடியால் அளந்து, நோட்டில் வரைந்து கொண்டு வந்திருந்தான். மற்றவர்கள் இணையத்திலிருந்து எடுத்தவர்கள். சாதி பார்த்துப் போடவில்லை. ஆனாலும் மதிப்பெண் பழைய தடத்திலேயே விழுந்திருந்தது. அவர் அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டு மறுபடி போட்டார். சிவப்புப் பேனா இப்போது நம் கைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அது யார் கையில் இருந்தாலும் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

அதனால் எங்கள் கோரிக்கைகள் சிறியவை, செய்யக்கூடியவை. சிறுதேர்வுத் தாள்களையும் பெயரில்லாமல் எண் போட்டே திருத்துங்கள். கட்டுரைக்கும் செமினாருக்கும் எதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டுங்கள்; போட்ட மதிப்பெண்ணுக்கு இரண்டு வரி காரணம் எழுதுங்கள். களத்தில் சல்லடையும் வரைபலகையும் கருவியும் எல்லோர் கைக்கும் முறைவைத்து வர வேண்டும். யார் எந்த நாள் என்ன செய்தார் என்ற பதிவேடு கொட்டகையில் தொங்க வேண்டும். தோண்டியவர்கள் பெயர் அறிக்கையில் வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் ஊரும் தெருவும் கேட்கக் கூடாது. பானை ஓட்டுக்குக் கிடைத்த இடம் தெரிய வேண்டும். விடை எழுதியவரின் இடம் தெரியத் தேவையில்லை.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்றைக்கு என்ன வேலை கொடுத்தார்கள், என்ன கேட்டார்கள், என்ன மதிப்பெண் போட்டார்கள் என்று தேதியோடு எழுதுங்கள். உங்களுக்கு முன்னால் படித்தவர்களின் பட்டியலோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் உங்கள் குறை என்று தோன்றும். அடுக்கடுக்காக வைத்துப் பார்த்தால்தான் வெட்டிய குழி தெரியும். இதையும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

பண்டிதர் தம் ஆசிரியரின் பெயரைச் சுமந்தார். எங்களால் அது முடியவில்லை. அவர் கொடுத்த கரணையை மட்டும் வைத்திருக்கிறோம். நாளை எங்களிடம் படிப்பவர்கள் எங்கள் பெயரை மறைத்துப் பேச வேண்டிய நிலை வரக்கூடாது. அந்தப் பயத்தோடுதான் இனி ஒவ்வொரு மதிப்பெண்ணும் போடுவோம்.

ஜெய்பீம்.